மத்தியான ஊசி

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்ததும் அம்மா நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். சின்னவளின் இன்சுலின் புட்டிகளை எடுத்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பிளாஸ்குக்குள் இறக்கி, பிளாஸ்கைப் பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் செருகினாள். கூடம் இன்னும் பெருக்காமல் கிடந்தது.

"வர்றவங்க நம்ம ஃபிரிட்ஜையா திறந்து பாக்கப் போறாங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

பதில் அத்தையிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு மூத்தவள், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள். "பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணு எங்கெங்க மேயும்னு உனக்குத் தெரியாது. நீ போய் முகத்தைக் கழுவு. சின்னவளை மாடி வீட்டுக்கு அனுப்பு. அவங்க போற வரைக்கும் கீழ வரக் கூடாது."

சின்னவள் ஏற்கனவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. இப்படி ஒதுங்கிப் போவது அவளுக்குப் பழகிவிட்டது. யாரும் சொல்வதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவாள்.

போன வருஷம்தான் அவளுக்கு அது வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், தின்றதெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாமல் இளைத்துத் துரும்பானாள். ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் சர்க்கரை நோய் என்றார். பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை இது, உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய்விட்டது, இனி ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்னாலும் ஊசி போட்டாக வேண்டும், ஆயுசுக்கும் என்றார். முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். அம்மா அவர் முன்னால் தலையாட்டினாள். ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் மனசு மாறிவிட்டது. பெரியவள் கல்யாணத்துக்கு நிற்கும்போது வீட்டில் இப்படி ஒரு நோய் இருப்பது வெளியே தெரிந்தால் எவன் வாசல் மிதிப்பான் என்று அத்தை வேறு கேட்டாள். அன்றைக்கு ராத்திரியே அம்மா சின்னவளின் கையைப் பிடித்துப் பெரியவள் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அக்கா கல்யாணம் முடிகிற வரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது.

அப்பாவும் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. அவர் அதே பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவர். தலைமையாசிரியை கூப்பிட்டாலே வேட்டி அவிழ்ந்தவர் மாதிரி பதறிப்போகிற மனுஷர். சொல்லாமல் இருப்பது அவருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

அதனால் மத்தியான ஊசியைச் சின்னவள் பள்ளிக்கூடத்துக் கக்கூஸில் போட்டுக்கொண்டாள். தாழ்ப்பாள் உடைந்த கதவை ஒரு காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, தொடையில் குத்திக்கொள்வாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சிநேகிதிகளோடு டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் மின்சார ஆபீசில் வேலை. பெரியவள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டு, விளிம்பு உடையாமல் எப்படி அறுக்கிறீர்கள் என்று அக்கறையாகக் கேட்டான். அவள் வேலையைப் பற்றி இதுவரை பார்க்க வந்த எவனும் கேட்டதில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

டீயைக் குடித்துவிட்டுப் பையனின் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். வீட்டில் யாருக்கும் சுகர், பிரஷர், இழுப்பு, அந்த மாதிரி ஏதாவது?

"எங்க வம்சமே இரும்புங்க" என்று அத்தை சிரித்தாள்.

பெரியவள் தலை குனிந்தபடி இருந்தாள். வாயைத் திறக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எதிரே பையன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திறக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தில் அது நடந்தது.

பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி கக்கூஸ் கதவுக்கு அடியில் ஊசி மூடி உருண்டு வந்ததைப் பார்த்துவிட்டுப் போய் பி.டி. டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். சின்னவள் ஊசியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தபோது பி.டி. டீச்சர் எதிரே நின்றாள். பென்சில் பெட்டியைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே ஊசி. அவ்வளவுதான், பிள்ளையின் காதைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்கு இழுத்துப் போனாள்.

யார் கொடுத்தது, எத்தனை நாளாக நடக்கிறது, இன்னும் யாரெல்லாம் போட்டுக்கொள்கிறார்கள் என்று தலைமையாசிரியை கேட்டாள். சின்னவள் வாயைத் திறக்கவில்லை. போதை மருந்து என்றுதான் அந்த அறையிலிருந்த எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் தீர்ந்துபோகும் என்று பிள்ளைக்குத் தெரியும். அக்காவின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியதும் தெரியும்.

வேன் எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்த அப்பா வரும்வரை அறைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். புத்தகப் பையும் டிபன் பாக்ஸும் உள்ளே மேஜைமேல் இருந்தன. மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள வைத்திருந்த மிட்டாயும் அந்தப் பையில்தான் இருந்தது. ஊசி போட்டாயிற்று, வயிறு காலி; சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவோரமாகப் போய், "மிஸ், சாப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு, அப்புறம் சாப்பிடலாம்" என்றாள் தலைமையாசிரியை.

வியர்த்தது. கை நடுங்க ஆரம்பித்தது. "பாருங்க மிஸ், எப்படி நடுங்குறா. செஞ்ச தப்பு உடம்புல பேசுது" என்று பி.டி. டீச்சர் சொன்னாள். சின்னவள் இன்னொரு தடவை ஏதோ கேட்க வாயெடுத்தாள், நாக்கு குழறியது. அப்படியே சாய்ந்து, படி விளிம்பில் நெற்றி அடிபட விழுந்தாள்.

பள்ளிக்கூடத்தில் முதலுதவி அறை என்று போர்டு மாட்டிய அறை ஒன்று இருந்தது. அதற்குள் விளையாட்டு விழாக் கேடயங்களும் உடைந்த நாற்காலிகளும் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. பிள்ளையைத் தூக்கிப் பக்கத்திலிருந்த பெஞ்சில் கிடத்தினார்கள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னபோது, போலீஸ் கேஸாகிவிடும், அப்பன்காரன் வரட்டும் என்று தலைமையாசிரியை தடுத்துவிட்டாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தைக் கர்சீஃபால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பி.டி. டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா வேனை நிறுத்திவிட்டு வந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வராந்தாவில் சத்தம் போட்டார். "சக்கரை. சக்கரை கொண்டாங்க யாராவது."

டீச்சர்களின் டீக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பா வந்தது. விரலால் தோண்டி மகளின் கன்னத்துக்குள் தேய்த்தார். பிறகு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல், பள்ளிக்கூட வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

பெரியவளுக்கு வேலை நேரத்தில் போன் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது சின்னவளின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, நெற்றியில் தையல் போட்டுக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சின்னவள் கண் விழித்ததும் தேடியது அக்காவைத்தான். பெரியவள் குனிந்தாள்.

"நான் சொல்லலைக்கா" என்றாள் சின்னவள். "எவ்வளவு கேட்டாங்க தெரியுமா. சொல்லவே இல்ல. கல்யாணம் நிக்காதுல்ல?"

பெரியவள் தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது, இந்தக் கல்யாணம் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்ற இடத்துக்கு வந்திருந்தாள்.

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு தலைமையாசிரியை பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். பள்ளிக்கூடத்தில் 'டிரைவர், இங்க வா' என்று கூப்பிடுகிறவள், வீட்டுக்குள் வந்ததும் அப்பாவை நீங்க, வாங்க என்றாள். நடந்தது நடந்துவிட்டது, இரண்டு பக்கமும் பேர் கெட வேண்டாம் என்று பேச்சை எடுத்தாள். காலையில் சாப்பிடாமல் வந்ததால் பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள், அவ்வளவுதான். ஊசியைப் பற்றிப் பள்ளிக்கூடம் பேசாது. ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்காது. காயம் ஆறியதும் பிள்ளை தாராளமாக வரலாம். ஊசி மட்டும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, மற்ற பெற்றோர்கள் இப்போதே கொதித்துப் போயிருக்கிறார்கள்.

அத்தைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவளும் அந்த மயக்கக் கதையைத்தான் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாத இரண்டு பேர், ஒரே பொய்யை இரண்டு பக்கத்திலிருந்தும் தைத்து நடுவில் வந்து சந்தித்துக்கொண்டார்கள். அத்தை அவளுக்கு இன்னொரு டம்ளர் டீ கொடுக்கச் சொன்னாள்.

"அப்போ மத்தியானம் அவ என்ன பண்ணுவா மிஸ்?" என்று பெரியவள் கேட்டாள்.

"காலையில நல்லாச் சாப்பிட்டுட்டு வரட்டும். ஒரு வேளைதானேம்மா."

"ஊசி இல்லாம சாப்பிட முடியாது. சாப்பிடாம சாயந்திரம் வரைக்கும் இருன்னு சொல்றீங்க. உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்வீங்களா?"

அப்பா அவளை வாயை மூடச் சொன்னார். தலைமையாசிரியை டீயைக் கீழே வைத்துவிட்டு, வேன் வேலைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு எழுந்தாள்.

பையன் வீட்டுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. பள்ளிக்கூட வராந்தாவில் அப்பா சர்க்கரை, சர்க்கரை என்று கத்தியதை எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். பையனும் அவன் அம்மாவும் நேரிலேயே வந்தார்கள். இந்தத் தடவை அம்மாவுக்கு ஃபிரிட்ஜைத் திறக்கவெல்லாம் நேரம் இருக்கவில்லை. சின்னவளை உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அத்தை கதையைச் சொன்னாள். காலையில் சாப்பிடாமல் ஓடின பிள்ளை, வெயில், மயக்கம். அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். பையனின் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"அப்படித்தானாம்மா?"

அத்தையின் கண்கள் அவளைக் குத்தின.

"இல்லைங்க" என்றாள் பெரியவள். "என் தங்கச்சிக்கு சுகர். சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கணும். பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ஸ்கூல்லயும் மறைச்சோம். அதனாலதான் விழுந்தா. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்."

பையனின் அம்மா கத்தவில்லை. அவள் கணக்குப் போடுகிற ரகம். இது ரத்தத்தில் ஓடுகிற நோய், நாளைக்குப் பிறக்கப்போகிற குழந்தைக்கு வராது என்று என்ன நிச்சயம் என்று கேட்டாள். பெரியவள் பையனைப் பார்த்தாள். லென்ஸ் அறுப்பதைப் பற்றிக் கேட்டவன் ஏதாவது சொல்வான் என்று அவளுக்குள் ஒரு நப்பாசை இன்னும் மிச்சமிருந்தது.

"இருக்கறது கூடப் பரவால்லைங்க" என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "வெளிய தெரிஞ்சுபோச்சே, அதான். எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் கேக்கறாரு."

அவன் அம்மா ஒரு வழி சொன்னாள். அவ்வளவு தூரம் வந்துவிட்ட சம்பந்தத்தை முறிக்க அவளுக்கும் மனசில்லை. சின்னவளைக் கல்யாணம் முடிகிற வரைக்கும் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். கல்யாணத்தன்று கண்ணில் படக் கூடாது. பெரியவள் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கொண்டு ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். உங்க பெரிய மனசு யாருக்கு வரும் என்றாள். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி சரி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பெரியவளுக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ.

"ரத்தம் குடுக்கறேன்" என்றாள். "உங்க மகனும் கூட வரட்டும். ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே எடுக்கட்டும். பொறக்கற குழந்தைக்கு அவர் ரத்தமும்தானே."

பையனின் அம்மாவுக்கு அதுவரை இருந்த நிதானம் அறுந்தது. "ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி டெஸ்ட்டு?" என்று எழுந்தாள். நோயை ஒளித்து வைத்த வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு வாயா என்று படியிறங்கும்வரை கேட்டுக்கொண்டே போனாள். பையன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை விவரிக்காமல் இருப்பது நல்லது. அம்மா பெரியவளை அறைந்தாள், அறைந்த கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை கதவைத் திறந்து சின்னவளைப் பார்த்து, எல்லாம் உன்னால வந்த வினை, குடும்பத்துக்கே கரியைப் பூசிட்ட என்றாள்.

"அவளை ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இந்த வாசப்படி ஏறாதீங்க அத்தை" என்றாள் பெரியவள். குரல் உயரவில்லை. அத்தை தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தார். அன்றைக்குப் போனவள்தான்.

நெற்றிக் கட்டைப் பிரித்த பிறகு பெரியவள் கடையில் லீவு சொல்லிவிட்டுத் தங்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கேட்டருகே நின்ற தாய்மார்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். வழிவிட்டார்கள் என்பதைவிட, சேலை படாமல் ஒதுங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஊசி வைத்திருக்கிற பெண் பக்கத்தில் என் பிள்ளை உட்காராது என்று ஒருத்தி காது கேட்கவே சொன்னாள்.

மறைத்தது தப்பு, அதற்கு எங்களைத் திட்டுங்கள், பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள் என்று பெரியவள் தலைமையாசிரியையிடம் கேட்டாள். முதலுதவி அறையில் ஒரு மூலையை ஒதுக்கினால் போதும் என்றாள். அங்கே கேடயங்கள் இருக்கின்றன, அதெல்லாம் நடக்காது, வேண்டுமானால் டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்று தலைமையாசிரியை முடித்துவிட்டாள்.

"குடுங்க மிஸ்" என்றாள் பெரியவள். "என்ன காரணத்துக்காக அனுப்பறீங்கன்னு அதுலயே எழுதிக் குடுங்க. ஊசி போட்டுட்டு நின்ன பிள்ளையைச் சாப்பிட விடாம நிக்க வெச்சதையும் சேர்த்து எழுதுங்க."

தலைமையாசிரியை பேனாவை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டாள். பிள்ளை வகுப்புக்குப் போகட்டும், ஊசி விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றாள். பெரியவள் எழுந்து வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மத்தியான மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

மணி அடித்ததும் சின்னவள் பையோடு வந்தாள். கால் பழக்கத்தில் கக்கூஸ் பக்கம் திரும்பியது. "இங்க வா" என்று பெரியவள் கூப்பிட்டாள். சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் பாப்பாங்கக்கா."

"பாக்கட்டும்."

அவள் ஊசியை எடுக்கத் தயங்குவதைப் பார்த்து நான் போடட்டுமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுச் சின்னவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். பிள்ளைகள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பி.டி. டீச்சர் அவர்களை விரட்ட வந்தவள், நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டு விரட்டாமல் போய்விட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு குட்டிப் பெண் வலிக்குமா என்று கேட்டாள். கொஞ்சம், என்றாள் சின்னவள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றாள். அக்காவையும் தங்கையையும் விட்டுவிட்டு, வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள். "டிரைவர், சாவியை மேஜைமேல வெச்சிட்டுப் போ."

அப்பா சாவியை வைத்துவிட்டு வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வராந்தாவில் அவர் நின்றே பழகியவர். அன்றைக்கு மகள்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெரியவளைத் திட்டுவார் என்று சின்னவள் பயந்துபோய் மெல்வதை நிறுத்தினாள். "சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் பெரியவள் கடையில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அந்த பெஞ்ச் அங்கே இல்லை. இருந்த இடத்தில் பெஞ்சுக் கால்கள் பதிந்த அழுக்குத் தடம் மட்டும் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. சின்னவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பென்சில் பெட்டியைத் திறந்தாள்.